கட்டுக்கம்பி, காலை ரேட்

ஜூலை 8, திங்கள்

இன்று காலை பல்லடத்திலிருந்து போன் வரவில்லை. கட்டுக்கம்பி ரேட் வாட்ஸப்பில் வந்தது. அனுப்பியவர் கம்பி மில் முதலாளி வசந்தாமணியம்மா அல்ல, அவருடைய மகன் மிதுன்.

நடந்தது அவ்வளவுதான். சிமெண்ட் கம்பெனி கொடுத்த இந்த டைரியில் தினமும் ரேட் எழுதுவேன், வந்தவர் போனவர் விவரம் எழுதுவேன். அதோடு இதையும் எழுதி வைக்கிறேன்.

கட்டுக்கம்பி என்பது வீடு கட்டுகிறவர் கண்ணில் படாத சாமான். தூணுக்கும் தளத்துக்கும் முறுக்குக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அவை சந்திக்கும் இடத்திலெல்லாம் இந்த மெல்லிய கறுப்புக் கம்பியைப் போட்டுக் கொக்கியால் முறுக்குவார்கள். கான்கிரீட் விழுந்ததும் உள்ளே போய்விடும். பிறகு யாரும் பார்க்கப் போவதில்லை. சிமெண்டுக்கும் முறுக்குக் கம்பிக்கும் நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்கிறவர்கள், கடைசியில் வண்டி புறப்படும்போது "கட்டுக்கம்பி ஒரு பத்துக் கிலோ சேத்துப் போடுங்க" என்பார்கள். பேரம் பேசாத சாமானில்தான் லாபம் தங்கும். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்கிய இந்தத் தவசிக்கனி சொந்தக் கட்டடத்தில் இரும்புக் கடை போட்டது அந்த லாபத்தில்தான்.

இரும்பு விலை தினம் மாறும். அதனால் மில்லிலிருந்து காலையில் அன்றைய ரேட்டைக் கூப்பிட்டுச் சொல்வது வழக்கம். மற்ற மில்களில் கணக்கர் சொல்லுவார், அரை நிமிஷம். பல்லடத்தில் மட்டும் முதலாளியம்மாவே பேசுவார்.

வாட்ஸப்பில் வருவது நல்லதுதான். எழுத்தில் இருந்தால் பின்னால் வாக்குவாதம் இல்லை. நேரமும் மிச்சம்.

மிச்சமான நேரத்தில் ஆணி டப்பாக்களை அளவுப்படி அடுக்கினேன். போன வாரம்தான் அடுக்கியிருந்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

வாட்ஸப்தான். கிலோவுக்கு ஐம்பது காசு இறங்கியிருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய செய்தி.

ஜூலை 11, வியாழன்

கடையில் பில் போடும் பேச்சியம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். கணக்கு சுத்தம், அதனால் பொறுத்துக்கொள்கிறேன். இன்று காலை கல்லாவுக்கு எதிரே நின்றுகொண்டு கேட்டாள்:

"என்ன அண்ணாச்சி, போனையே குறுகுறுன்னு பாத்துக்கிட்டிருக்கிய? அடை வச்சா குஞ்சு பொரிக்குமாக்கும்?"

"ரேட் வரணும்லா?"

"அது அப்பவே வந்துட்டு. நான் போர்டுல எழுதியும் போட்டாச்சு."

திரும்பிப் பார்த்தேன். எழுதித்தான் இருந்தது.

வசந்தாமணியம்மா பேசினால் இப்படி இருக்கும்: "ஏனுங்க அண்ணாச்சி, நல்லா இருக்கீங்களா? இருபது கேஜ் கம்பி இன்னைக்கு இவ்வளவுங்க. வேணும்னா சொல்லிப்போடுங்க, மத்தியானம் லாரி இருக்குது." ரேட் அதோடு முடிந்துவிடும். பேச்சு அதற்குப் பிறகுதான். அங்கே காற்று எப்படி, இங்கே மழை உண்டா, காலையில் என்ன பலகாரம். ஓட்டலில் இட்லி வாங்கித் தின்றேன் என்றால், "சட்னியாச்சும் வீட்டுல அரைச்சுக்கலாமுங்க" என்பார். நான் அரைத்ததில்லை. ஆனால் மறுநாளும் கேட்பார்.

என் மனைவி செண்பகம் இறந்ததற்கு மறுநாள் காலையிலும் அந்த அழைப்பு வந்தது. அன்று ரேட் சொல்லவில்லை. "ஒரு வாய் சாப்புட்டுப்போட்டு உக்காருங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவரும் கணவர் போன பிறகு மில்லைத் தனியாக எடுத்து நடத்தியவர். எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அண்ணாச்சி என்பது எங்கள் பக்கத்து வியாபாரிகளுக்கு வெளியூர்க்காரர்கள் வைத்திருக்கும் மரியாதைப் பெயர். உறவுமுறை அல்ல. இதை எதற்கு இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜூலை 13, சனி

நானே மில்லுக்கு போன் போட்டேன். மிதுன் எடுத்தான்.

"தம்பி, தவசிக்கனி பேசுதேன், சங்கரன்கோவில்."

"சொல்லுங்க அங்கிள். ரேட் அனுப்பிட்டனே?"

"வந்துச்சு, வந்துச்சு. எழுத்து பொடிசா இருக்கு, கண்ணுக்குத் தெரியல. அம்மா ஒரு வார்த்தை சொல்லிட்டாங்கன்னா..."

"அதுக்கென்ன அங்கிள், நாளையில இருந்து வாய்ஸ் மெசேஜா போட்டுடறேன். அம்மாவுக்கு இனி ரெஸ்ட். மில்லு நான்தான் பாத்துக்கறேன். எதுவா இருந்தாலும் எங்கிட்டயே சொல்லுங்க."

நல்ல பையன். எம்.பி.ஏ. படித்தவன், மரியாதை தெரிந்தவன். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் சங்கடம்.

இத்தனை வருஷத்தில் வசந்தாமணியம்மாவின் சொந்த நம்பரை நான் வாங்கி வைக்கவில்லை. மில் நம்பரில்தான் பேசுவார், வேறு நம்பர் எதற்கு என்று இருந்துவிட்டேன். இப்போது அந்த நம்பர் மகன் சட்டைப் பையில் இருக்கிறது. அவனிடமே போய் "உங்க அம்மா நம்பர் குடு" என்று கேட்க எனக்கு என்ன காரணம் இருக்கிறது? வியாபாரத்தில் எதைச் செய்தாலும் காரணம் வேண்டும்.

ஜூலை 15, திங்கள்

மிதுன் ரேட்டைக் குரலில் பேசி அனுப்பியிருந்தான். "ங்க" என்று இழுக்கும் இடத்தில் அம்மாவின் சாயல் கொஞ்சம் இருக்கிறது. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். கடைசியில் பேச்சியம்மாளிடம் "ரேட் என்ன சொன்னான்?" என்று கேட்க வேண்டியதாகிவிட்டது.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தது. ஆடியில் யாரும் பூமி பூஜை போட மாட்டார்கள், வாசக்கால் வைக்க மாட்டார்கள். பாதியில் நிற்கிற வேலைகள் மட்டும் ஓடும். கடையில் ஈ ஓட்டுகிறோம்.

பல்லடத்திலிருந்து லோடு வந்தது. கம்பிக் கட்டுகளைச் சுற்றியிருக்கும் சாக்கில் மில் உலைப் புகையின் வாசம். இறக்கும்போது நானும் கூட நின்றேன். லோடுமேன்கள் முதலாளி நிற்கிறார் என்று சாக்கு கிழியாமல் இறக்கினார்கள். நான் அதற்காக நிற்கவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

ஆடித்தபசு. ஊர் கொள்ளாத கூட்டம். கோமதியம்மன் தபசுக் கோலத்தில் நிற்க, சாயங்காலம் சாமி எதிரே வந்து காட்சி கொடுத்தார். சனங்கள் விளைச்சல் காணிக்கையாகப் பருத்தியும் வத்தலும் வீசினார்கள். வருஷா வருஷம் பார்ப்பதுதான். இந்த வருஷம் சாமி வரும்வரை அம்மன் தனியாக நிற்கும் நேரம் கொஞ்சம் நீளமாகப் பட்டது.

பேச்சியம்மாள் குடும்பத்தோடு வந்திருந்தாள். என்னைக் கூட்டத்தில் கண்டுபிடித்துப் பக்கத்தில் வந்து, "அம்மனாவது எந்திரிச்சு நின்னு தபசு பண்ணுதா அண்ணாச்சி. சில பேரு கல்லாவுல உக்காந்தமேனிக்கே பண்ணுதாவ. சாமி எங்கேர்ந்து வரும்?" என்றாள்.

கூட்டச் சத்தத்தில் காதில் விழாதது போல இருந்துவிட்டேன்.

ஜூலை 23, செவ்வாய்

மில்லில் இன்னொரு வழக்கம் உண்டு. சரக்கில் குறை என்று யாராவது சொன்னால் வசந்தாமணியம்மாவே கூப்பிடுவார்.

காரணம் இருக்கிறது. மெஷினில் இழுத்து மெல்லிசாக்கிய கம்பி விறைப்பாக இருக்கும். கொக்கி போட்டு முறுக்கினால் பட்டென்று ஒடிந்துவிடும். அதைப் பதப்படுத்த, ஆள் இறங்கி நிற்கும் அளவு பெரிய இரும்புப் பானையில் கட்டுக் கட்டாக அடுக்கி, மூடியை மண் பூசி அடைத்து, உலையில் இறக்குவார்கள். சூடேறிய பிறகு தானாக ஆறும்வரை பானையைத் திறக்கக் கூடாது. அதைச் செய்கிறவர் மாரப்பன் என்ற உலைக்காரர். ஆனால் பானை திறந்ததும் முதல் கட்டில் ஒரு துண்டு வெட்டி விரலில் சுற்றிப் பார்த்து "ஏத்துங்க" என்று சொல்வது வசந்தாமணியம்மா. கம்பி ஒடிகிறது என்றால் அது அவருக்கு வருகிற கேள்வி. மகனுக்கு அதில் பதில் சொல்லத் தெரியாது.

மத்தியானம் பேச்சியம்மாள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, குடோனில் ஒரு கட்டைப் பிரித்து முழ நீளத் துண்டுகள் வெட்டினேன். ஒன்றை எடுத்து ஒரே இடத்தில் இப்படியும் அப்படியுமாக மடக்கினேன். ஒடியவில்லை. நல்ல சரக்கு. விரல் சிவக்கும்வரை மடக்க வேண்டியிருந்தது. மூன்று துண்டை ஒடித்துக் கவரில் போட்டு, "முறுக்கும்போது ஒடிகிறது. வசந்தாமணியம்மா கவனத்துக்கு" என்று எழுதிப் பார்சல் ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தேன்.

பொய்தான். சின்னப் பொய். மிஞ்சிப்போனால் ஒரு கட்டு மாற்றித் தருவார்கள், அதற்கும் நானே பணம் கொடுத்துவிடுவேன். யாருக்கும் நஷ்டமில்லை.

ஜூலை 26, வெள்ளி

மில் நம்பரிலிருந்து போன் வந்தது.

"ஏனுங்க அண்ணாச்சி."

எழுந்து நின்றுவிட்டேன். பேச்சியம்மாள் பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"சொல்லுங்கம்மா."

"கம்பி ஒடியுதுன்னு அனுப்பிச்சிருந்தீங்களாமா?"

"ஆமாம்மா. கொஞ்சம். ஒண்ணு ரெண்டு எடத்துல."

"எத்தன கட்டுங்க?"

"ஒரே ஒரு கட்டுதான்."

"யாரு வேலையில ஒடிஞ்சுதுங்க?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. வாயில் வந்த பெயரைச் சொன்னேன். "அந்தோணின்னு ஒரு கம்பி மேஸ்திரிம்மா. நம்ம கடையிலதான் வாங்குவான்."

"செரிங்க. துண்டு இன்னும் என்ற கைக்கு வரலீங்க. பையன்தான் பிரிச்சுப் பாத்தான். வாங்கிப் பாத்துப்போட்டுச் சொல்றனுங்க."

வைத்துவிடுவாரோ என்று பயந்து, "அங்க காத்து எப்படி இருக்கு?" என்றேன்.

"ஆடிக் காத்துங்களே! நேத்து உலைக்கு மேல இருந்த தகரத்த ஒண்ணத் தூக்கிட்டுப் போயிருச்சு. பக்கத்துத் தோட்டத்துக்காரரு கொண்டாந்து குடுத்தாருங்க." சிரித்தார். "உங்களுக்கு மழையுங்களா?"

"சாரல் உண்டு. குத்தாலத்துல சீசன்லா."

"எல்லாரும் சொல்லிக் கேட்டிருக்கறனுங்க. பாத்ததில்லீங்க."

அந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வாங்க என்று ஒரு வார்த்தை போதும். ரேட் ஏறும்போதும் இறங்கும்போதும் சட்டென்று பதில் சொல்கிறவன், ஈரச் சாக்கு மாதிரி நின்றேன்.

"செரிங்க, வெச்சர்றனுங்க."

"சரிம்மா."

நம்பர் கேட்க மறந்துவிட்டேன். மறக்கவில்லை. கேட்கவில்லை.

மத்தியானம் நாலு மூட்டை சிமெண்ட் எடுத்தவருக்கு வண்டிக் கூலியைத் தள்ளிவிட்டேன். பேச்சியம்மாள் பில்லை நீட்டிக்கொண்டே, "ஆடித் தள்ளுபடி துணிக்கடையிலதான் பாத்திருக்கேன். சிமெண்டுக்கும் வந்துட்டா?" என்றாள்.

ஜூலை 27, சனி

ரேட் வாட்ஸப்பில் வந்தது. பரவாயில்லை.

ஜூலை 30, செவ்வாய்

மிதுனிடமிருந்து நீளமான செய்தி. தரத்தைப் பற்றிப் புகார் வந்ததால் எங்கள் உலையை நிறுத்துகிறோம். இனி பெரிய பேக்டரியில் பதப்படுத்திய கம்பியை மொத்தமாக வாங்கி உங்களுக்குத் தருவோம். ஒடிந்த கட்டுக்குப் பதில் புதுக் கட்டு இலவசமாக வருகிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.

உடனே கூப்பிட்டேன்.

"நானே பேசலாம்னு இருந்தேன் அங்கிள். ரொம்ப தேங்க்ஸ்."

"எனக்கு எதுக்குத் தம்பி தேங்க்ஸ்?"

"ஃபர்னஸ நிறுத்தலாம்னு அம்மாகிட்ட ஆறு மாசமா சொல்லிட்டிருக்கேன். நம்ம கம்பி ஒடியுதுன்னு இதுவரைக்கும் ஒரு புகார் வந்திருக்குதாடான்னு கேட்டு வாய அடைச்சுருவாங்க. இப்ப வந்துருச்சில்லைங்களா? அதும் உங்க மாதிரி பழைய பார்ட்டிகிட்ட இருந்து."

"மாரப்பன்?"

"வீட்டுக்குப் போகச் சொல்லிட்டேன் அங்கிள். செட்டில்மெண்ட் குடுத்தரலாம்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அந்தத் துண்ட வாங்கிப் பாத்தாங்க. அதுக்கப்பறம் மில்லுப் பக்கமே வரல."

போனை வைத்து ரொம்ப நேரம் ஆகவில்லை, கம்பி மேஸ்திரி அந்தோணி வந்து நின்றான். இடுப்பில் கொக்கி, கை முழுக்கத் துரு.

"அண்ணாச்சி, பல்லடத்துல இருந்து ஒரு பையன் போன் அடிச்சு, உங்க வேலையில கம்பி ஒடிஞ்சுதான்னு கேட்டான். அண்ணாச்சி சொன்னா ஒடிஞ்சிருக்கும்யான்னு சொல்லிட்டேன். ஆனா எனக்கு வெளங்கல. அந்தக் கம்பி வெண்ணெய்லா? என் ஆளுக கண்ண மூடிக்கிட்டு முறுக்குவானுவ. எதுல ஒடிஞ்சுது?"

பேச்சியம்மாள் பேசினாள். "அது கொக்கியில ஒடியல அண்ணே. குடோன்ல ஒடிஞ்சுது, பிரிச்ச கட்ட நான் பாத்தேன். அவுகளுக்கு ஒரு கொரலு கேக்கணும்னு இருந்துச்சு. அதுக்கு ஊரான் வீட்டு உலைய அணைச்சுட்டு உக்காந்திருக்காவ."

அதட்டினேன். சம்பளத்தில் பிடிப்பேன் என்றேன். அவள் அசையவில்லை. பிடிக்கவும் முடியாது. இந்தக் கடையில் அவள் போட்ட கூட்டல் எதுவும் இதுவரை தப்பியதில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பெருக்கு. பேக்டரிக் கம்பி வந்தது. பளபளவென்று பிளாஸ்டிக் சுற்றி, லேபிள் ஒட்டி. அந்தோணியைக் கூப்பிட்டுக் கொடுத்து முறுக்கிப் பார்க்கச் சொன்னேன்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி."

"இன்னொரு தடவ முறுக்கும்வே."

"எத்தன தடவ முறுக்கினாலும் நல்லாத்தான் இருக்கும். குறை இருந்தாச் சொல்ல மாட்டனா?"

அதில் ஒரு குறையும் இல்லை. வியாபாரியாகச் சொல்கிறேன், மிதுன் கணக்கு சரி. சாக்கு இல்லை, புகை வாசமும் இல்லை. கட்டுக்கம்பிக்கு வாசம் எதற்கு?

ஆகஸ்ட் 7, புதன்

மிதுனை போனில் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எடுத்தேன். "சொல்லுங்க அங்கிள்" என்றதும், "அரை இஞ்சு ஆணி உங்ககிட்ட உண்டா?" என்று கேட்டு வைத்துவிட்டேன். அவர்கள் ஆணி விற்பதில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மாரப்பனை ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். முதல்முறை சரக்குப் பேச மில்லுக்குப் போனபோது, உலைப் பக்கம் நெருங்கியவனைத் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்து, "அங்க நிக்காதீங்க, வேட்டி பத்திக்கும்" என்றவர். அவ்வளவுதான் பழக்கம். இந்த வாரம் முழுக்க அவர்தான் ஞாபகத்துக்கு வருகிறார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

இரண்டு பக்கமும் போட்டுப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் வசந்தாமணியம்மா இனி என்னோடு பேச மாட்டார். பொய் சொல்லி அவர் பெயரைக் கெடுத்தவனோடு என்ன பேச்சு? சொல்லாவிட்டால் அவரோடு பேச எனக்கு வழியே இல்லை. இரண்டிலும் எனக்கு நஷ்டம். ஒன்றில் மாரப்பனுக்கு வேலை திரும்பக் கிடைக்கும். அதை எடுக்கிறேன்.

நாளை மறுநாள் பல்லடம் போகிறேன் என்று பேச்சியம்மாளிடம் சொன்னேன். "அந்தப் பழுப்புச் சட்டையப் போட்டுக்கிட்டுப் போயிராதிய" என்றாள்.

ஆகஸ்ட் 14, புதன்

விடியற்காலை பஸ் ஏறி, மதுரையில் மாறி, தாராபுரம் வழியாகப் பல்லடம் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தேன்.

மில் முன்பு பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. கம்பி இழுக்கும் மெஷின்கள் நின்றிருந்தன. உலைக்குழி ஆறிப்போய், பானை மட்டும் ஓரத்தில் வாயைத் திறந்தபடி கிடந்தது. உள்ளே ஒரு பூனை படுத்திருந்தது. கண்ணாடி அறையில் மிதுன் கம்ப்யூட்டருக்கு முன்னால்.

"வாங்க வாங்க அங்கிள்! சொல்லியிருந்தா கார் அனுப்பியிருப்பனே."

உட்காராமலே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

"தம்பி, உங்க கம்பி ஒடியல. நான் ஒடிச்சேன். கையால ஒடிச்சு அனுப்புனேன். புகார் பொய்."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினான்.

"எதுக்கு அங்கிள்?"

வருமான வரிக்காரன் கேட்ட கேள்விக்கெல்லாம் நின்ற இடத்தில் பதில் சொன்னவன் நான். பேனா ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வெயில்ல வந்திருக்காரு. மொதல்ல மோர் குடுக்கறதில்லையா?"

பின்னால் குரல். போனில் கேட்டதைவிடக் கொஞ்சம் தாழ்ந்த குரல். திரும்பினேன்.

மில்லுக்குப் பின்னாலேயே வீடு. நான் கேட்டில் பெயர் சொன்னதும் யாரோ வீட்டுக்குத் தகவல் சொல்லியிருக்க வேண்டும். முன்பு பார்த்தபோது அவர் தலையில் நரை இல்லை. என் தலையிலும் இல்லை. கையில் மோர்ச் செம்பு, இன்னொரு கையில் நான் அனுப்பிய மூன்று துண்டு.

மோரை என்னிடம் கொடுத்துவிட்டு, துண்டுகளை மகன் மேஜையில் வைத்தார். "இத நீ பாத்தியே, என்ன பாத்த? ஒடிஞ்சிருக்குதுன்னு மட்டும் பாத்த. ஒடிஞ்ச எடத்தத் தொட்டுப் பாரு, விறைச்சுக் கெடக்குது. ரெண்டு விரக்கட தள்ளிப் பிடி."

மிதுன் பிடித்து வளைத்தான். கம்பி நூல் மாதிரி விரலைச் சுற்றியது.

"சரியா வாட்டாத கம்பின்னா துண்டு முழுக்க விறைச்சிருக்கோணும். இது ஒரே எடத்துல மடக்கி மடக்கி ஒடிச்சது. பாவம், கை வலிச்சிருக்கும்."

கடைசி வாக்கியம் என்னைப் பார்த்து.

"தெரிஞ்சும் ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லியிருந்தா எதுக்கு ஒடிச்சாருன்னு கேட்டிருப்ப. இப்பக் கேட்டியே, அந்த மாதிரி."

மிதுன் அம்மாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி அம்மாவைப் பார்த்தான். முட்டாள் இல்லை. "லோடு ஒண்ணு பாக்கணும், வந்தர்றேன்" என்று வெளியே போனான். வெளியே லோடு எதுவும் இல்லை.

"நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க" என்றார். "ஆவணி பொறக்கறதுக்குள்ள கூப்புடறேன், வேற எடத்துல சேந்துராதன்னு மாரப்பங்கிட்டச் சொல்லி வெச்சனுங்க. இன்னும் ரெண்டு நாள்தான் இருந்துச்சு. அதும் போயிருந்தா உங்களப் பத்தி வேற மாதிரி நெனச்சிருப்பேன்."

"எப்படி?"

"வெறும் வியாபாரின்னு."

மோர்ச் செம்பைக் கீழே வைக்க இடம் தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன். பஸ்ஸில் வரும்போது எத்தனையோ வாக்கியங்கள் தயார் செய்திருந்தேன்.

"போன் வரல. அதான்."

சொன்னது இவ்வளவுதான்.

அவர் ஜன்னல் வழியாக உலைக்குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் அந்த நேரத்துக்குக் கை சும்மா இருக்க மாட்டேங்குதுங்க. ஒக்காந்து கீரை ஆயறேன். ரெண்டு பேரு திங்கற வீட்டுல மூணு கட்டுக் கீரை. பையன் கீரையப் பாத்தாலே எந்திரிச்சுப் போயிடறான்."

இருவரும் சிரித்தோம். முகத்தைப் பார்த்துக்கொண்டு அவர் சிரிப்பைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

மிதுன் கால்குலேட்டரோடு திரும்பி வந்தான். வியாபாரி மகன், அதில் எனக்கு அவனைப் பிடித்தது. "புகார் பொய்னு ஒத்துக்கறேன் அங்கிள். ஆனா கணக்குப் பொய் இல்ல. பேக்டரிக் கம்பி எனக்குக் கிலோவுக்கு ரெண்டு ரூபா கம்மியா கெடைக்குது. ஃபர்னஸ் எரியோணும்னா ஒரு பானை சரக்கு முழுசையும் அந்த ரெண்டு ரூபா கூடக் குடுத்து யாராச்சும் எடுக்கோணும். ஒன்றரை டன். கடனும் குடுக்க முடியாது."

"நான் எடுக்கேன்."

கால்குலேட்டர் அவன் கையில் அப்படியே நின்றது. நாற்பது வருஷ வியாபாரத்தில் முதலில் சொன்ன விலைக்குச் சரி என்று நான் சொன்னது இதுவே முதல் தடவை. நல்ல கம்பி குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது அதே கம்பியைக் கூடக் கொடுத்து வாங்குவது முட்டாள்தனம். தெரிந்துதான் சொன்னேன்.

"இருடா, நான் இன்னும் பேசலை" என்றார் வசந்தாமணியம்மா. நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். முகம் ரேட் பேசுகிற முகமாகிவிட்டது. "இவரு புகார் சொன்ன பார்ட்டி. இவருக்கு இனி சரக்க நம்பி லாரியில ஏத்தி உட முடியாதுங்க. பானை திறக்கறப்ப இவரே இங்க வந்து நிக்கோணும். கட்டுல துண்டு வெட்டி, விரல்ல சுத்திப் பாத்து, இவரு வாயால செரின்னு சொன்ன பொறகுதான் ஏத்தறது. மாசம் ஒருக்கா."

"மாசம் ஒருக்கான்னா எனக்குக் கட்டாதும்மா" என்றேன்.

மிதுன் முகம் மாறியது. நான் பின்வாங்குகிறேன் என்று நினைத்தான்.

"ரெண்டு தடவ."

"ரெண்டு பானை கம்பியா?" என்றார் அவர். "சங்கரன்கோயில்ல அவ்வளவு எங்கீங்க விப்பீங்க?"

"தென்காசி இருக்கு. ராஜபாளையம் இருக்கு. புளியங்குடி இருக்கு. அது என் பாடு."

"மூணு வாரத்துக்கு ஒருக்கா வெச்சுக்கலாமுங்க."

"பதினஞ்சு நாள்."

"பதினெட்டு."

"பதினஞ்சு. அதுல ஒரு நாள் இறங்க மாட்டேன்."

அவருக்குக் காதோரம் வரை சிவந்திருந்தது, வெயிலாக இருக்கலாம். "பேரத்துல பொல்லாத ஆளுங்க நீங்க" என்றார். பிறகு மகனிடம் திரும்பி, "மாரப்பனுக்கு போன் போடு. அந்தப் பூனையப் பானையில இருந்து வெளிய தொரத்தச் சொல்லு" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பேசி முடித்தது: இருபது கேஜ் கட்டுக்கம்பி, பானைக்கு ஒன்றரை டன். பேக்டரி ரேட்டுக்கு மேல் கிலோவுக்கு இரண்டு ரூபாய். ரொக்கம். லாரி வாடகை என்னுடையது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை நானே நேரில் போய் நின்று எடுக்க வேண்டும். அன்று மத்தியானச் சாப்பாடு அவர்கள் பொறுப்பு.